கண், காது, மூக்கு வைத்த கதைகள்

வாசகர் கேள்வி பதில்

கிரேக்கப் புராணங்களில் வரும் அதிசயங்களை ஒவ்வொன்றாக எடுத்து, "இது நடக்காது, நடந்தது இதுதான்" என்று எழுதி வைத்த பலாய்ஃபாட்டோஸ் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி வந்திருந்தது. அதற்கு வந்த கடிதங்களிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்.

பலாய்ஃபாட்டோஸ் என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா? அவரே ஒரு கட்டுக்கதையா? (திண்டுக்கல் வாசகர்)

நூல் கையில் இருக்கிறது. ஆகவே எழுதியவர் ஒருவர் இருந்தார். அதற்கு மேல் கால் வைத்தால் வழுக்கும். "பலாய்" என்றால் பண்டு, "ஃபாட்டோஸ்" என்றால் சொல்லப்பட்டது. பழங்கதை ஆராய்கிறவருக்கு 'பண்டு சொன்னது' என்று பெயர் வாய்த்திருப்பது கொஞ்சம் கூடுதல் பொருத்தம். புனைபெயராக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது அதனால்தான்.

10-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் தொகுக்கப்பட்ட 'சூடா' என்ற பேரகராதி இந்தப் பெயரில் நான்கு பேரைத் தருகிறது. ஒருவர் ஏதென்ஸ் காவியக் கவிஞர். ஒருவர் பாரோஸ் அல்லது பிரியேனி ஊர்க்காரர். ஒருவர் அபிடோஸ் ஊர் வரலாற்றாசிரியர், அரிஸ்டாட்டிலுக்கு வேண்டியவர். நான்காமவர் எகிப்தியர் அல்லது ஏதென்ஸ்காரரான இலக்கண ஆசிரியர். நம் நூலாசிரியர் கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அரிஸ்டாட்டில் வட்டத்தின் ஓரத்தில் இருந்தவர் என்பது பெரும்பாலோர் கணிப்பு.

நூலின் பெயர் 'பெரி அபிஸ்டோன்', அதாவது நம்பமுடியாதவை பற்றி. இன்று கிடைப்பது 52 சிறு பகுதிகள். முதல் 45 பகுதிகளும் ஒரே அச்சில் வார்த்தவை: கதை, மறுப்பு, 'உண்மை'. கடைசி 7 பகுதிகளில் மறுப்பே கிடையாது. கதையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. பின்னால் யாரோ ஒட்டியவை அவை. மொழிபெயர்ப்பைப் புரட்டும்போது திடீரென்று "இவர் ஏன் இதை நம்புகிறார்?" என்று தோன்றினால், 45-ஐத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள்.

அவருடைய அடிப்படைக் கொள்கை என்ன? 'எல்லாம் பொய்' என்பதுதானே? (கோயம்புத்தூர் வாசகர்)

இல்லை. நூலின் முன்னுரை மட்டும்தான் அவர் தத்துவம் பேசும் இடம். அதில் மனிதர்களை இரண்டாகப் பிரிக்கிறார். அறிவோடு பழக்கமில்லாதவர்கள் சொன்னதையெல்லாம் நம்பிவிடுகிறார்கள். கூர்மையானவர்களோ இவை எதுவுமே நடக்கவில்லை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்கிறார். நெருப்பில்லாமல் புகையாது என்பதுதான் அவர் கட்சி. முதலில் ஏதோ நடந்தது, அதைப் பற்றிப் பேச்சு பிறகு வந்தது, கவிஞர்களும் கதாசிரியர்களும் கேட்பவர் வாயைப் பிளக்கட்டும் என்று அதற்குக் கண், காது, மூக்கு வைத்தார்கள்.

எது நடந்தது, எது ஒட்டவைத்தது என்று பிரிக்க அவரிடம் இருப்பது ஒரே ஓர் உரைகல். சாமோஸ் தீவின் சிந்தனையாளர்கள் மெலிஸ்ஸோஸ், லாமிஸ்கோஸ் இருவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் சொல்வது இது: அன்று இருந்தவை இன்றும் இருக்கின்றன, இனியும் இருக்கும். இன்று பாதி குதிரை, பாதி மனிதன் இல்லையென்றால் அன்றும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த உரைகல்லில் ஒரு கீறல் உண்டு. டைனோசர் இன்று இல்லை, அன்று இருந்தது. உயிரினம் அடியோடு அற்றுப்போகும் என்ற எண்ணத்துக்கு அவர் கொள்கையில் இடமே இல்லை.

அமேசான்கள் என்ற புராணப் பெண் வீரர்கள் விஷயத்தில் இதே விதி அவரை நேராகப் பள்ளத்தில் தள்ளியது. பெண்களின் படை இன்று எங்கும் இல்லை, ஆகவே என்றும் இருந்திருக்காது என்கிறார். அமேசான்கள் ஆண்களே, கணுக்கால் வரை அங்கி போட்டு, தலைமுடியைப் பட்டையால் கட்டி, தாடியை மழித்திருந்தார்கள், எதிரிகள் அவர்களைப் 'பெண்கள்' என்று கேலி செய்தார்கள் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் கருங்கடலுக்கு வடக்கே சிதியர்கள் என்ற நாடோடி மக்களின் புதைமேடுகளைத் தோண்டியபோது, அம்பும் ஈட்டியுமாக அடக்கம் செய்யப்பட்ட பெண்களின் எலும்புகள் கிடைத்தன. பல கல்லறைகள் கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவர் ஏட்டில் 'இன்று எங்கும் இல்லை' என்று எழுதிய அதே காலத்தை ஒட்டி, சில நாள் கப்பல் பயணத்துக்கு அப்பால் ஆயுதம் ஏந்திய பெண்கள் இருந்திருக்கிறார்கள். 'இன்று இல்லை' என்பதற்கும் 'எனக்குத் தெரிந்த இடத்தில் இல்லை' என்பதற்கும் உள்ள இடைவெளியில் விழுந்தார்.

குதிரை மனிதர்களை எப்படி விளக்கினார்? கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா? (யாழ்ப்பாணம் வாசகர்)

நூலின் முதல் பகுதியே அதுதான். அவர் வேலை செய்யும் விதம் முழுதும் இதில் தெரிந்துவிடும் என்பதால் நிதானமாகப் பார்ப்போம்.

புராணம் சொல்வது: தெஸ்ஸாலி நாட்டு மன்னன் இக்ஸியான் தேவராணி ஹீரா மேல் ஆசைப்பட்டான். சீயஸ் ஒரு மேகத்தை ஹீராவைப் போல் வடித்து அனுப்பினான். இக்ஸியானுக்கும் மேகத்துக்குமான உறவிலிருந்து வந்த வழியினர்தான் கென்டார்கள். இடுப்புவரை மனிதன், கீழே குதிரை.

முதலில் மறுப்பு. குதிரையின் இயல்பும் மனிதனின் இயல்பும் ஒத்துப்போகாது. இரண்டும் தின்பது வேறு. குதிரைத் தீனி மனித வாய் வழியாக, மனிதத் தொண்டை வழியாக எப்படி இறங்கும் என்று கேட்கிறார். ஒரு குதிரை உடம்புக்குப் போதுமான புல்லை மனிதப் பல்லால் மென்று முடிப்பது எப்போது? இந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு சபாஷ் போடலாம்.

பிறகு 'உண்மை'. பீலியன் மலையில் காளைக் கூட்டம் ஒன்று வெறிபிடித்துத் திரிந்தது. ஊருக்குள் இறங்கி மரங்களையும் பயிரையும் அழித்து, கால்நடைகளையும் கொன்றது. காளைகளை ஒழிப்பவருக்குப் பெரும் பரிசு என்று இக்ஸியான் அறிவித்தான். மலையடிவாரத்தில் நெஃபலி என்றொரு சிற்றூர். அவ்வூர் இளைஞர்கள் சிலருக்கு ஒரு யோசனை வந்தது. அதுவரை குதிரையைத் தேரில்தான் பூட்டினார்கள். முதுகில் ஏறி யாரும் ஓட்டியதில்லை. இவர்கள் ஏறி ஓட்டப் பழகினார்கள். காளை பாய்ந்து வந்தால் குதிரையைத் திருப்பி ஓட்டம் பிடிப்பார்கள். குதிரைக்குத்தான் கால் வேகம். காளை நின்றதும் திரும்பி வந்து ஈட்டி எறிவார்கள். இப்படியே மந்தையைத் தீர்த்தார்கள்.

இங்கேதான் சொல் விளையாட்டு வருகிறது. கிரேக்கத்தில் 'கென்ட்' என்ற வேர் குத்துவதைக் குறிக்கும். 'தௌரோஸ்' என்றால் காளை. காளையைக் குத்தியவர்கள் கென்டாரோய். பெயர் முடிந்தது.

பரிசும் புகழும் வந்ததும் இளைஞர்களுக்குத் தலை கனத்தது. லாரிஸ்ஸாவில் லாபித் மக்கள் விருந்துக்கு அழைத்தபோது குடித்துவிட்டு அவர்கள் பெண்களைக் குதிரையில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். அதிலிருந்து பகை. இரவில் சமவெளிக்கு இறங்கிப் பதுங்குவார்கள், கொள்ளையடித்துத் தீ வைப்பார்கள், விடிந்ததும் மலைக்கு ஓடிவிடுவார்கள். ஓடுகிறவர்களைப் பின்னாலிருந்து தூரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? குதிரையின் உடம்பு தெரிந்தது, தலை தெரியவில்லை. மனிதனின் மேல்பாதி தெரிந்தது, கால் தெரியவில்லை. "நெஃபலியிலிருந்து கென்டார்கள் வந்து நம்மைச் சூறையாடுகிறார்கள்" என்றார்கள். நெஃபலி என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள். மேகத்துக்குப் பிறந்த குதிரை மனிதர்கள் தயார்.

எத்தனை ஆணி அடித்திருக்கிறார் பாருங்கள். உருவத்துக்கு ஒரு காரணம், பெயருக்கு ஒரு காரணம், மேகத்துக்கு ஒரு காரணம், லாபித் போருக்கு ஒரு காரணம். கதையின் எந்த உறுப்பும் மீதியாக விடப்படவில்லை. இது அவருடைய மிகச் சிறந்த தச்சுவேலை.

ஓட்டை எங்கே? பரிசு கொடுத்ததும் விருந்துக்கு அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து குடித்ததும் அதே சமவெளி மக்கள்தான். அவர்களைத் தரையில் நின்று பார்த்தவர்கள், முதுகைப் பார்த்ததும் மிருகம் என்று நினைப்பார்களா? ஒன்று அறிமுகம் இருக்க வேண்டும், அல்லது மயக்கம் இருக்க வேண்டும். அவருக்கு இரண்டும் தேவைப்பட்டது.

ஒருவனை அவனுடைய நாய்களே தின்றதாகக் கதை உண்டே, அதில் என்ன அதிசயம் இருக்கிறது? நாய் கடிக்கத்தானே செய்யும்? (திருநெல்வேலி வாசகர்)

ஆக்டியானைக் கேட்கிறீர்கள். ஆர்ட்டமிஸ் தேவி அவனை மானாக்கினாள், வேட்டை நாய்கள் அடையாளம் தெரியாமல் கிழித்துத் தின்றன என்பது கதை. பலாய்ஃபாட்டோஸ் இதை இரண்டு இடத்தில் மறுக்கிறார். மனிதன் மானாக மாட்டான் என்பது ஒன்று. சோறு போட்டவனை நாய் தின்னாது, அதிலும் வேட்டை நாய் எஜமானனிடம் குழையும் என்பது இன்னொன்று.

அவர் விளக்கம்: அந்தக் காலத்தில் வேலையாட்கள் கிடையாது, தன் நிலத்தைத் தானே உழுதார்கள். யார் அதிகம் உழைத்தானோ அவனே பணக்காரன். ஆர்க்காடியாவைச் சேர்ந்த ஆக்டியான் வேட்டைப் பைத்தியத்தில் நிலத்தைக் கவனிக்காமல் விட்டான். கையிருப்பு கரைந்தது. "பாவம் ஆக்டியான், அவன் நாய்களே அவனைத் தின்றுவிட்டன" என்று ஊர் பேசியது. தாசி வீட்டில் சொத்தைத் தொலைத்தவனை 'அவர்கள் தின்றுவிட்டார்கள்' என்று இன்றும் சொல்கிறோமே என்று தன் காலத்துப் பேச்சையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார்.

45 பகுதிகளில் இதுவே எனக்கு நம்பத் தகுந்ததாகப் படுகிறது. மரபுத்தொடர் ஒன்று, அதைப் புரிந்தவர்கள் மறைந்த பின் சொல்லுக்குச் சொல் செய்தியாக மாறுவது உலகத்தில் நடக்கக்கூடியது. "வட்டி குட்டி போட்டது" என்று நாம் சொல்கிறோம். 2,000 ஆண்டு கழித்து வட்டி என்ற சொல்லின் பொருள் மறந்துபோய் இந்த வரி மட்டும் மிஞ்சினால், அது எந்த விலங்கு, ஓர் ஈற்றுக்கு எத்தனை குட்டி என்று ஆராய ஆள் வரும்.

டியோமீடிஸின் மனிதர்களைத் தின்னும் குதிரைகளையும் இதே வழியில்தான் முடிக்கிறார். குதிரைக்கு வாற்கோதுமையும் வைக்கோலும்தான் பிடிக்கும், மாமிசம் பிடிக்காது; குதிரை வளர்ப்பில் சொத்தை அழித்தவனின் குதிரைகளுக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் அது என்கிறார்.

அவர் எத்தனை வகை உத்திகளைக் கையாள்கிறார்? ஒரு கதையைப் படித்ததும் இவர் இன்ன வழியில் போவார் என்று ஊகிக்க முடியுமா? (சிங்கப்பூர் வாசகர்)

முடியும். பத்துப் பகுதி படித்தால் பதினொன்றாவதை நீங்களே எழுதலாம்.

அவர் கை முதலில் போவது ஆள் பெயருக்கு. விலங்கா? அது ஒரு மனிதனின் பெயர். யூரோப்பாவைத் தூக்கிப்போன காளை, க்னோஸஸ் ஊர்க்காரன் தௌரோஸ். கிரீட் ராணி பாசிஃபே மையல் கொண்ட காளையும் ஒரு தௌரோஸ், அழகான இளைஞன். (மினோஸ் மன்னன் தான் நோயில் கிடந்த நாட்களை எண்ணிப் பார்த்துக் குழந்தை தனதல்ல என்று கண்டுபிடித்தான் என்று கணக்கும் காட்டுகிறார்.) தீப்ஸில் காட்மோஸ் கொன்ற பாம்பு, டிராக்கோன் என்ற அரசன். பொன் ஆப்பிளைக் காத்த பாம்பு, டிராக்கோன் என்ற இடையன். ஃப்ரிக்ஸோஸைக் காப்பாற்றிய ஆட்டுக்கிடா, கிரியோஸ் என்ற காரியஸ்தன். பல தலைப் பாம்பு ஹைட்ராவுக்கு உதவ வந்த நண்டு, கார்க்கினோஸ் என்ற படைத்தலைவன். ஒரு விலங்குப் பண்ணையே ஆட்களாகிவிடுகிறது. இதுதான் அவருடைய மலிவான சரக்கு. பெயரை மாற்றினால் எதையும் விளக்கலாம். எதையும் விளக்குவது எதையும் விளக்காது.

ஊர்ப் பெயர் அடுத்தது. மூன்று தலை கெரியான், 'ட்ரிகரேனியா' என்ற ஊர்க்காரன். சொல்லின் பொருளே முத்தலை. நூறு கை பிரியாரியோஸ், 'நூற்றுக்கை' என்று பொருள்படும் ஊரில் குடியிருந்தவன். கப்பல் பெயரும் கைகொடுக்கும்: மாலுமிகளைத் தின்ற பூதம் ஸ்கில்லா ஒரு கடற்கொள்ளைக் கப்பல், சிறகு முளைத்த குதிரை பெகாசஸும் ஒரு கப்பல்.

தூரத்துப் பார்வைப் பிழை கென்டார்களில் வந்தது. ஆர்ஃபியஸ் யாழுக்கு மரங்கள் ஆடி வந்தன என்பதற்கும் அதே: மலையிலிருந்து இறங்கிய பெண்கள் கையில் கிளைகளைப் பிடித்திருந்தார்கள். பின்பு, முதன்முதலாக ஒன்றைக் கண்டுபிடித்தவன் கதை. மண்ணுக்குள் ஊடுருவிப் பார்ப்பதாகச் சொல்லப்பட்ட லின்கியஸ், முதல் சுரங்கக்காரன். விளக்கோடு இறங்குவான், விளக்கை அடியிலேயே வைத்துவிட்டுத் தாதை மட்டும் மேலே கொண்டுவருவான். "லின்கியஸுக்குப் பூமிக்குள் இருப்பதும் தெரியும்" என்றார்கள். இது நல்ல ரகம்.

பள்ளியில் மாணவர்களுக்குச் சொல்ல எந்தக் கதைகள் ஏற்றவை? தமிழில் சொல்லும்போது சுவை போய்விடுகிறதே. (மன்னார்குடி ஆசிரியர்)

போவதற்குக் காரணம் வரிசை. கதையைச் சொல்லி, விளக்கத்தைச் சொல்லி, கடைசியில் "கிரேக்கத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள்" என்றால் அது சால்ஜாப்பாகக் காதில் விழும். சொல்லை முதலில் கரும்பலகையில் எழுதிவிடுங்கள். 'மேலா': ஆடுகள்; ஆப்பிள்கள். பிறகு ஹெஸ்பெரிடிஸ் தோட்டத்துப் பொன் ஆப்பிள்களை மாவீரன் ஹெராக்ளிஸ் கொண்டுவந்த கதையைச் சொல்லுங்கள். அதன்பின், மிலீட்டஸ்காரனான ஹெஸ்பெரோஸ் என்பவனின் அருமையான ஆட்டு மந்தையை ஹெராக்ளிஸ் ஓட்டிக்கொண்டு போனான், இடையன் பெயர் டிராக்கோன் என்று முடித்தால் வகுப்பே முந்திக்கொண்டு விடை சொல்லும். கிரேக்கச் சிலேடைக்குப் பதில் தமிழ்ச் சிலேடை போட முயல வேண்டாம். அது வேறு கதை ஆகிவிடும்.

மொழி தேவைப்படாத கதைகளும் உண்டு. லின்கியஸ் சொன்னேன். கல்லான நியோபி இன்னொன்று. பிள்ளைகளை இழந்த தாய் கல்லானாள் என்பதை நம்புகிறவன் அசடு என்று தொடங்கி, பிள்ளைகளின் கல்லறை மேல் அவளுக்கு ஒரு கற்சிலை வைத்தார்கள், வழிப்போக்கர்கள் "கல் நியோபியைப் பார்த்தேன்" என்றார்கள் என்று முடிக்கிறார். தானும் அந்தச் சிலையைப் பார்த்ததாகச் சொல்கிறார். கடலுக்குள்ளேயே வாழ்ந்ததாகச் சொல்லப்பட்ட கிளாக்கோஸ் கதையும் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்: துறைமுகத்தில் எல்லார் கண் முன்னாலும் முங்கி, கண்ணுக்கு மறைவாக நீந்தி வேறு இடத்தில் கரையேறி, சில நாள் கழித்துத் திரும்பி வந்து "கடலில்தான் இருந்தேன்" என்று சொன்ன மீனவன். மீன்களை முன்பே அடைத்து வைத்திருப்பான்; புயலில் மற்றவர் வலை வீச முடியாதபோது கேட்ட மீனைக் கொண்டுவந்து கொடுப்பான். பாசிஃபே, ஆக்டியான் உவமை இரண்டையும் வகுப்பில் தவிர்த்துவிடலாம்.

பட்டிமன்றத்தில் பேசுகிறவன் நான். இவருடைய முறை எங்களுக்குப் பயன்படுமா? (மதுரை வாசகர்)

அவர் நூல் பிழைத்திருக்க உங்களைப் போன்றவர்களும் ஒரு காரணம். பழங்காலப் பேச்சுக்கலைப் பள்ளிகளில் 'மறுப்பு' என்று தனிப் பயிற்சியே இருந்தது. மாணவனிடம் ஒரு புராணக் கதையைக் கொடுத்து உடைக்கச் சொல்வார்கள். அஃப்தோனியோஸ் என்ற ஆசிரியர் வகுத்த தலைப்புகள் ஆறு: தெளிவில்லை, நம்பத்தக்கதல்ல, நடக்க முடியாது, முன்னுக்குப் பின் முரண், தகாதது, பயனற்றது. அவர் மாதிரிக்கு உடைத்துக் காட்டியது டாஃப்னி மரமான கதை. இன்னோர் ஆசிரியரான தியோன், இந்தப் பயிற்சிக்கு உதாரணமாகப் பலாய்ஃபாட்டோஸையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். பலாய்ஃபாட்டோஸ் பெரும்பாலும் 'நடக்க முடியாது', 'நம்பத்தக்கதல்ல' என்ற இரண்டு ஆயுதங்களோடு நின்றுகொள்கிறார். உடைப்பது வரை அவர் பலம். மேடையில் அவரைப் பின்பற்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்; "நடந்தது இதுதான்" என்று ஆரம்பித்த நிமிஷம் எதிரணி "யார் பார்த்தது?" என்று கேட்கும். பல நாடுகளுக்குப் போய் முதியவர்களைக் கேட்டு எழுதினேன் என்று முன்னுரையில் சொல்கிறார். ஆனால் எந்த முதியவர் எதைச் சொன்னார் என்று கதைக்குக் கதை காட்டுவதில்லை.

யூஹெமரஸும் இவரும் ஒன்றா? (சென்னை வாசகர்)

அடிக்கடி குழப்புகிறார்கள். யூஹெமரஸ் கி.மு. 300-ஐ ஒட்டி எழுதியவர். மாசிடோனிய மன்னன் கசாண்டருக்கு நெருக்கமானவர். பாங்காயா என்ற தீவுக்குப் போனதாகவும், அங்கே கோயிலில் ஒரு பொன் தூணில் சீயஸ் முதலானோரின் அரசாட்சிச் செய்திகள் பொறிக்கப்பட்டிருந்ததாகவும் எழுதினார். தேவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் மனித அரசர்கள் என்பது அவர் வாதம். பலாய்ஃபாட்டோஸ் தேவர்கள் பக்கமே போகமாட்டார். ஆர்ட்டமிஸ் நினைத்ததைச் செய்ய வல்லவள் என்று ஆக்டியான் பகுதியிலேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மனிதன் மானாகவில்லை என்று மட்டும் சொல்வார். ஒருவர் சாமியை மனிதனாக்கினார், மற்றவர் பூதத்தை மனிதனாக்கினார்.

டிராய் மரக்குதிரையின் வயிற்றுக்குள் கிரேக்க வீரர்கள் ஒளிந்திருந்தது? (சேலம் வாசகர்)

குதிரை இருந்தது, வயிறு காலி என்கிறார். கோட்டை வாசலுக்குள் நுழையாத அளவில், வேண்டுமென்றே பெரிதாகச் செய்தார்கள். படைத்தலைவர்கள் பதுங்கியது நகருக்குப் பக்கத்தில் மரமடர்ந்த ஒரு பள்ளத்தில். குதிரையை உள்ளே இழுக்க டிராய்க்காரர்களே வாசலை இடித்தார்கள். அந்த உடைப்பின் வழியே படை நுழைந்தது.

புராணத்தில் வரும் மீடியா என்ற பெண் கிழவர்களைக் கொப்பரையில் வேகவைத்து இளமையாக்கியது? (ஈரோடு வாசகி)

முடிச்சாயமும் நீராவிக் குளியலும். நரைத்த முடியைக் கறுக்க வைக்கும் பூ ஒன்றை அவள் அறிந்திருந்தாள். ஆவியில் உட்காரவைத்து உடம்பை இலேசாக்கும் வித்தையும் தெரியும். மருத்துவர்கள் கற்றுக்கொண்டுவிடுவார்கள் என்று மறைவாகச் செய்தாள். வெளியே நின்றவர்களுக்குக் கொப்பரையும் விறகும் மட்டும் கண்ணில் பட்டன. மிகவும் தளர்ந்திருந்த பீலியாஸ் கிழவனின் உடம்பு ஆவியைத் தாங்கவில்லை, இறந்துபோனான். தொழில் ரகசியமும் ஒரு மரணமும் சேர்ந்தால் சூனியக்காரி என்ற பெயர் வர எவ்வளவு நேரம்?

முன்பக்கம் சிங்கம், நடுவில் ஆடு, பின்பக்கம் பாம்பாக நெருப்புக் கக்கும் கைமேராவுக்கு எரிமலைதான் காரணம் என்கிறார்களே? (புதுச்சேரி வாசகர்)

எரிமலை என்று அவர் சொல்லவில்லை. லிசியா நாட்டில் ஒரு மலை, நடுவில் ஒரு பிளவு, அதிலிருந்து தீ. ஏறும் வழியில் முன்பக்கம் சிங்கம், பின்பக்கம் பாம்பு. கைமேராவைக் கொன்றதாகக் கதை சொல்லும் வீரன் பெல்லரோஃபோன் வந்து காட்டுக்குத் தீ வைத்தான், இரண்டும் செத்தன. லிசியா இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரை. அங்கே அண்டாலியா மாகாணத்தில், சிராலி கிராமத்துக்கு மேலே யானார்தாஷ் என்ற சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து இன்றும் தீ எரிகிறது. எரிகுழம்பு இல்லை, மீத்தேன் கலந்த வாயு கசிந்து எரிகிறது. அவர் குறிப்பிடும் மலை அதேதானா என்பது வேறு. ஆனால் 'அன்று இருந்தவை இன்றும் இருக்கின்றன' என்ற அவர் விதிக்கு லிசியாவின் தீ கச்சிதமாகக் கட்டுப்படுகிறது.

அந்தக் காலத்திலேயே யாரும் எதிர்த்துக் கேட்கவில்லையா? (நாகர்கோவில் வாசகர்)

அவர் எழுதுவதற்கு முன்பே கேட்டாயிற்று. இந்த விளையாட்டைத் தொடங்கியவர் அவர் இல்லை. மிலீட்டஸ் நகரின் ஹெக்கட்டேயஸ், கிரேக்கர்களின் கதைகள் பலவாகவும் சிரிப்புக்கிடமாகவும் இருக்கின்றன என்று எழுதி, பாதாளத்து நாய் செர்பெரஸை டைனரான் முனையில் இருந்த ஒரு கொடிய பாம்பு என்று விளக்கியது அவருக்குப் பல தலைமுறை முன்னால்.

பிளேட்டோவின் 'ஃபைட்ரஸ்' உரையாடலில் இலிஸ்ஸோஸ் ஆற்றங்கரையில் நடந்தபடி ஃபைட்ரஸ் கேட்கிறான்: வடகாற்றுத் தேவன் ஒரு பெண்ணைத் தூக்கிப்போன இடம் இதுதானே, நீங்கள் நம்புகிறீர்களா? சாக்ரட்டீஸ் சொல்கிறார்: காற்று அடித்துப் பாறையிலிருந்து விழுந்து செத்தாள் என்று கெட்டிக்காரத்தனமாகச் சொல்லலாம்தான். ஆனால் அப்படி ஆரம்பித்தால் அடுத்து கென்டார்களை நேராக்க வேண்டும், பிறகு கைமேராவை, பிறகு கோர்கன்கள், பெகாசஸ்கள் என்று படையே வந்து நிற்கும். அதற்கு நிறைய ஓய்வு வேண்டும். தன்னையே இன்னும் அறியாத எனக்கு அந்த ஓய்வு இல்லை. சில பத்தாண்டுகளுக்குள் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கிக்கொண்டது போல் ஒருவர் உட்கார்ந்து கென்டார்களிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார்.

அவர் சொன்னதில் ஏதாவது ஒன்றையாவது இன்று நேரில் சரிபார்க்க முடியுமா? (தூத்துக்குடி வாசகர்)

புராணச் சிற்பி டைடலஸின் நடக்கும் சிலைகளைச் சொல்லலாம். கட்டிப்போடாவிட்டால் ஓடிவிடும் என்று பிளேட்டோவின் 'மேனோ' உரையாடலில் சாக்ரட்டீஸே அவற்றை வைத்து வேடிக்கை பேசுகிறார். பலாய்ஃபாட்டோஸ் விளக்கம்: அதற்கு முன் சிற்பிகள் இரண்டு பாதங்களையும் ஒட்டவைத்தே செதுக்கினார்கள், டைடலஸ் முதன்முறையாக ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தான், "சிலை நடக்கிறது" என்றார்கள். டைடலஸ் என்ற ஆளுக்கு அத்தாட்சி கிடையாது. பாதத்துக்கு உண்டு. ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் சூனியான் முனையிலிருந்து கொண்டுவந்த இளைஞன் சிலை நிற்கிறது. நாக்ஸோஸ் பளிங்கு, 3 மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய உயரம், கி.மு. 600-ஐ ஒட்டியது. கைகள் தொடையோடு ஒட்டி, பார்வை நேரே, இடது கால் மட்டும் ஓர் அடி முன்னால். கட்டிப்போடவில்லை, இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.